பாட்டுக்கு ஒரு தார்ப்பாய்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அண்ணே. இதில் முக்கால்வாசி நான் பார்த்ததில்லை. குமரேசன் சொல்லிக் கேட்டது. குமரேசன் எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் தாளத்துக்கு ரிதம் பேடு வாசிக்கிறவன். நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் ஏற்றிச் சொல்லுவான். அதனால் எது நான் பார்த்தது, எது அவன் சொன்னது என்று பிரித்தே சொல்கிறேன். நீங்கள் வேறு யாரிடமாவது சொன்னாலும் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் போனில் இப்போது ஒரு பாட்டு ஓடியதே, நிலச்சரிவு நிவாரணத்துக்கு என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், பக்கத்து சீட்டு, கண்ணில் பட்டது. அந்தக் குரல் வேதாக்காவுடையது. வேதவல்லி என்று பெயர். எங்கள் ஒட்டன்சத்திரத்தில்தான் இருக்கிறார். வரிகள் நான் எழுதியவை. பெயர் கடைசியில் வரும், சின்ன எழுத்தில். போகட்டும், நான் சொல்ல வந்தது அதை அல்ல.

அழவைக்கிற குரல் என்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வரை அந்தக் குரலைக் கேட்டு ஒரு ஆள் அழுதது கிடையாது அண்ணே. ஆடினார்கள்.

பஸ் எங்கே நிற்கிறது? மணப்பாறையா? சரி, சரி. திருச்சிக்கு நேரத்தோடு போய்விடுமா? இல்லை, பத்தரைக்கு ஒரு நேர்முகத் தேர்வு. ஒன்பதுக்கே அங்கே இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். அதனால் எல்லா இடத்துக்கும் சீக்கிரமே போய் வெளியில் நின்றுகொண்டிருப்பேன். அது ஒரு பழக்கம்.

வேதாக்காவுக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம், கடலை ஒட்டி, தாழைமேடு. எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டுக்காரர் அருள், குழுவுக்கு மைக் செட் போடுகிறவர். அவர் அதிகம் பேசமாட்டார், இந்தக் கதையிலும் பேசமாட்டார். வேதாக்கா மேடை ஏறினால் முன்வரிசைக் கிழவர்கள் துண்டை உதறிவிட்டு எழுந்து நிற்பார்கள். குமரேசன் எழுதின பாட்டுகளைத்தான் பாடுவார். மீசைப் பாட்டு, சைக்கிள் பாட்டு, வளையல் பாட்டு என்று ஆட்கள் பெயர் வைத்திருந்தார்கள். 'மீசை ஒரு பக்கம் போகுது, மாமா ஒரு பக்கம் போறாரு' என்று ஒரு வரி. அதைப் பாடும்போது இரண்டு விரலால் இல்லாத மீசையை முறுக்கி, கூட்டத்தில் ஒரு ஆளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். விசில் பறக்கும். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று குமரேசனிடமே கேட்டிருக்கிறேன். "அர்த்தம் பாத்தா ஆட முடியுமாடா?" என்றான். அவ்வளவுதான் அவன் இலக்கியம்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. தாழைமேட்டுக்கு போன் போகவில்லை. வேதாக்கா போட்டுப் போட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். "இந்தப் பொம்பளைய எனக்கு இப்ப மனப்பாடமாத் தெரியும்டா" என்று என்னிடம் சொன்னார். இது நான் கேட்டது.

பிறகு வைரக்கண்ணு வந்தார். வேதாரண்யத்திலிருந்து சந்தைக்கு உப்பு ஏற்றிவரும் லாரி டிரைவர், தாழைமேட்டுக்குப் பக்கத்து ஊர். லாரியை நிறுத்திவிட்டு நேரே வேதாக்கா வீட்டுக்கு வந்தார்.

"ஒங்கம்மா நல்லாருக்கு. பள்ளிக்கூடத்துல தங்கியிருக்கு. தாழைமேட்டுல ஒரு கூரை இல்லம்மா. சோறு வருது. துணி வருது, யாருக்கும் பத்தாத சட்டையா வருது. தலைக்கு மேல போட ஒண்ணும் வரல. திரும்ப மழ வருதுங்கறான். தார்ப்பாய் கெடச்சா சேத்து வைங்க, அடுத்த நடைக்கு வந்து ஏத்திக்கிறேன்."

வேதாக்கா அப்போதே குழுவைக் கூட்டினார். பாடி வசூல் செய்து தார்ப்பாய் வாங்குவது என்று முடிவானது. என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டு எழுதச் சொன்னார். நீதான் படிச்சவன், சோகமா எழுது என்றார். நான் இரண்டு நாள் தூங்காமல் எழுதினேன் அண்ணே. பொய் சொல்லவில்லை. 'அலையே உனக்கு அன்னை இல்லையா' என்று தொடங்கும்.

முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் பாடினார்கள். இது நான் பார்த்தது. சின்ன டெம்போ, மேலே இரண்டு பாக்ஸ், கீழே நானும் இன்னும் மூன்று பேரும் ஒரு வேட்டியை நாலு மூலையில் பிடித்துக்கொண்டு நின்றோம். வேதாக்கா பாடப் பாட ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். கடைசிச் சரணம் வரும்போது எதிரில் ஒரு வெள்ளரிக்காய்க்காரரும் ஒரு நாயும்தான். அவ்வளவு பாதிப்பு. நின்று கேட்க முடியவில்லை அவர்களால். பாட்டு ரொம்ப ஆழமாகப் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். வேட்டியில் விழுந்ததில் ஒரு தார்ப்பாயின் கால்வாசி கூட வாங்க முடியாது, அதுவும் உண்மைதான். ஆனால் ஒரே நாளில் ஒரு பாட்டை எடைபோடக் கூடாது இல்லையா?

மறுநாள் காய்கறிச் சந்தை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், போகவில்லை. இனிமேல் குமரேசன் சொன்னது.

காலையில் என் பாட்டையே இரண்டு தடவை பாடினார்களாம். மண்டிக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்திரிக்கவே இல்லையாம். வேதாக்கா களைத்துப்போய் டெம்போ ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போது தக்காளிப் பெட்டி தூக்குகிற ஒருவர் தலையில் பெட்டியோடு நின்று கத்தியிருக்கிறார்.

"அக்கா, காலையிலேர்ந்து அழுக விடுறீங்க, கால் நகர மாட்டேங்குது. ஒரு மீசையப் போடுங்க, லோடாவது எறங்கும்!"

வேதாக்காவுக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைத்தானாம் குமரேசன். வரவில்லை. அவர் அந்த ஆளைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் நின்ற லாரியைப் பார்த்திருக்கிறார். லாரி மேல் தார்ப்பாய் மடித்துக் கிடந்தது. சந்தை முழுவதும் பார்த்தார். மண்டிக்கு மண்டி தார்ப்பாய்.

"மீசை வேணுமா?" என்று மைக்கிலேயே கேட்டார். "ஒரு தார்ப்பாய் குடுங்க. பாடுறேன்."

சந்தை சிரித்தது. தக்காளி மண்டி பொன்னுக்காளை கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். வெள்ளை மீசை, ஆறடி. "ஏம்மா, பாட்டுக்குத் தார்ப்பாயா?"

"ஆமாண்ணே. ஒரு பாட்டுக்கு ஒண்ணு. கிழிசல் வேணாம்."

"டேய், குடோன்ல இருக்கிறதுல நல்லதா ஒண்ணை எடுத்தாடா. தாயி, அந்த மீசைய என்னப் பாத்து முறுக்கணும், ஆமா."

பாடினார். பொன்னுக்காளையைப் பார்த்து முறுக்கினார். அது முடிவதற்குள் முருங்கை மண்டி நாச்சிமுத்து, அவருக்கும் பொன்னுக்காளைக்கும் ஏழாம் பொருத்தம், இரண்டு தார்ப்பாயைத் தூக்கிவரச் சொல்லிவிட்டார். "எனக்குச் சைக்கிளும் வளையலும்!" பிறகு அது ஏலமாகிவிட்டது அண்ணே. சந்தைக்காரர்களுக்கு வேறு என்ன தெரியும்? சைக்கிள் பாட்டு ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவ ஒரு ஆள். மூட்டை தூக்குகிறவர்கள் ஆட, அங்காடிக்கு வந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டுக் கைதட்ட, தார்ப்பாய்கள் டெம்போ பக்கத்தில் அடுக்கடுக்காக ஏறின.

சாயங்காலம் ஒரு சண்டை. வளையல் பாட்டு என்னுடையது, உன்னுடையது சைக்கிள் என்று இரண்டு மண்டிக்கும். பொன்னுக்காளைதான் தீர்த்துவைத்தாராம். "கோயிலுக்கு ஒரு டியூப்லைட்டு குடுத்தாலே வெளிச்சம் மறையிற அளவுக்கு உபயம்னு பேரு எழுதுறோம். இதுல எழுதினா என்ன?" பெயர் எழுதுகிற பெயின்டர் ஒருவரைப் பிடித்துவந்தார்கள். தார்ப்பாய் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில், கை அகல எழுத்தில். உபயம் இன்னார். பாட்டு இன்னது. சந்தைக்குள் இருக்கும்போது அது எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. வேதாக்காகூடச் சிரித்துக்கொண்டே எழுத்துப்பிழை திருத்தினாராம்.

அடுத்த நாளும் அப்படியே. என் பாட்டு பாடவில்லை. நான் கேட்டனுப்பினேன். சந்தையில் எடுபடவில்லை, பிறகு பார்க்கலாம் என்று பதில். அண்ணே, மக்கள் வீடிழந்து கிடக்கிறார்கள், இங்கே மீசை முறுக்குகிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை, காய்ச்சலில் புரண்டு புரண்டு படுத்தேன். இவ்வளவு தார்ப்பாய் வருகிறதே என்று அம்மா கேட்டாள். வருகிறது. வரவில்லை என்று சொல்லவில்லை. எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

மூன்றாம் நாள் சாயங்காலம். இதைச் சொல்லும்போது குமரேசன் ஏற்றிச் சொல்லவில்லை. அவன் குரலே வேறு மாதிரி இருந்தது.

வைரக்கண்ணு சரக்கு ஏற்ற லாரியோடு வந்தார். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பேடுக்குப் பின்னால் வந்து, குமரேசன் காதில் சொன்னார். வேதாக்கா சித்தப்பா கலியபெருமாள் மகன், மதியழகன், போய்விட்டான். புயலடித்த அன்றைக்கே, சுவர் விழுந்து. எடுத்து அடக்கம் செய்தாகிவிட்டது. அப்போதே தெரியும், அம்மா நல்லாருக்கு என்று சொன்ன வாயால் இதையும் சொல்ல வரவில்லை என்றாராம். இன்னும் பதினாறாம் நாள் காரியம் ஆகவில்லை.

ஒரு பாட்டு முடிந்து வேதாக்கா தண்ணீர் குடிக்க வந்தார். குமரேசன் சொல்லிவிட்டான். வைத்துக்கொண்டு வாசிக்க முடியவில்லையாம்.

வேதாக்கா சொம்பைக் கீழே வைத்தார். மதியழகன் அவரைவிட நாலு வயது சின்னவன். அவர் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து வந்த ஒரே ஆண்பிள்ளை அவன்தான். மைக் செட்காரனைக் கட்டுகிறாள் என்று மற்றவர்கள் யாரும் வரவில்லை. அவன் வந்து, யாரும் சொல்லாமலே ரச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பரிமாறினான். மாமா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா என்று மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருவராகக் கேட்டு, சட்டையெல்லாம் ரசம். வேதாக்காவுக்கு அந்தச் சட்டைதான் நினைவில் வந்ததாம்.

"பங்காளிச் சாவு வேதா. எறங்கிரு. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்" என்றான் குமரேசன்.

வேதாக்கா அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். உதடு அசைந்தது. தெருத் தெருவாக வீடுகளை எண்ணியிருக்கிறார்.

"மூணு குறையுது" என்றார்.

"வேதா..."

"வண்டி இன்னைக்குக் கெளம்புது. கடக்கரைத் தெருவுக்கு மூணு குறையுது. நீ வாசி."

அந்தச் சமயம் பார்த்து நாச்சிமுத்து கையைத் தூக்கினார். "எனக்கு ஒரு மீசை! காளைக்கு மட்டும்தான் மீசையா? எனக்கு இல்லையா?"

"உனக்கு இருக்கிறது பூனை மீசை! அந்த மீசையும் எனக்குத்தான்" என்று பொன்னுக்காளை மேலே கேட்டார். கூட்டம் ஓவென்றது. ஏலம் பொன்னுக்காளைக்கே முடிந்தது.

வேதாக்கா ஏறினார். பாடினார். குமரேசனுக்கு இரண்டு இடத்தில் தாளம் தப்பியது. "எனக்குத் தப்பிச்சுடா, அவளுக்குத் தப்பல" என்று என்னிடம் சொன்னான். இரண்டு விரலை உயர்த்தி முறுக்கவும் செய்தார், கண்ணைச் சிமிட்டவும் செய்தார். அதற்குப் பிறகு சைக்கிள், அதற்குப் பிறகு வளையல். மூன்று ஆனதும் மைக்கை அணைத்துக் குமரேசன் கையில் கொடுத்துவிட்டு, லாரியின் முன்சீட்டில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார். பெயின்டர் கடைசி மூன்றையும் எழுதிக் காயவைத்து ஏற்றும்வரைக்கும் இறங்கவே இல்லை.

தண்ணீர் இருக்கிறதா அண்ணே? நன்றி. மணி என்ன? இல்லை, என்னிடம் இருக்கிறது, சரியாகத்தான் ஓடுகிறது. சும்மா கேட்டேன்.

குமரேசனும் கூடப் போனான். மறுநாள் பகலில் தாழைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தென்னை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததாம். லாரியைப் பார்த்ததும் ஜனங்கள் ஓடிவந்தார்கள். வேதாக்காவைப் பார்த்து, அஞ்சம்மா மவடா, அஞ்சம்மா மவ கொண்டாந்துருக்குடா என்று சத்தம். அஞ்சம்மாள் அவர் அம்மா. அவரும் வந்தார். மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டு தார்ப்பாய் இறங்கியது. மூன்றாவதை ஒரு பையன் உதறி விரித்தான்.

வெள்ளைப் பெயின்ட். கை அகல எழுத்து.

முதலில் அவன்தான் படித்தான், சத்தமாக. ஒருவன் சிரித்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் கேட்டாளாம்: "பாட்டுன்னா? என்னா பாட்டு? ஆடுற பாட்டா?" இன்னொருத்தி, கலியபெருமாளுக்கு மைத்துனி முறை, முன்னால் வந்துவிட்டாள். "ஊரே வாயில துணிய வச்சுக்கிட்டுக் கெடக்கு. தம்பி செத்த தீட்டு கழியல. அதுக்குள்ள ஒனக்கு மீசை கேக்குதாடி?"

ஆட்கள் இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் போட்டுச் சம்பாதித்ததைச் சாவு வீட்டுக்கு மேல் போடுவதா என்று ஒரு பேச்சு. மழை வந்தால் உன் கௌரவத்தைப் போர்த்திக்கொண்டு படு என்று ஒரு பேச்சு. யாரோ போய்க் கலியபெருமாளைக் கூட்டிவந்தார்கள். அந்தத் தெருவுக்குப் பெரியவர் அவர்தான். சட்டை போடாமல், மழிக்காத முகத்தோடு வந்து, விரித்துக் கிடந்ததைப் படித்தார். வேதாக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியாமப் பாடினியா?"

கேட்ட விதத்திலேயே ஒரு வழி இருந்தது என்றான் குமரேசன். ஆமாம் என்றால் முடிந்தது. அவனே முந்திக்கொண்டான். "தெரியாதுங்கய்யா. போனு எதுவும் கெடைக்கல. இங்க வந்துதான்..."

"தெரியும் சித்தப்பா" என்றார் வேதாக்கா.



"கடைசி மூணு பாட்டு தெரிஞ்சு பாடுனது. மத்தது தெரியாமப் பாடுனது. மூணு எதுன்னு எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு லாரியில் ஏறினார். அடுக்கின் மேலேயே இருந்தன அந்த மூன்றும். தனியாக இழுத்துப் போட்டார். பொன்னுக்காளை உபயம், மீசை. நாச்சிமுத்து உபயம், சைக்கிள். இன்னொன்று வளையல்.

குமரேசன் அப்புறம் கேட்டிருக்கிறான், ஏன் சொன்னே என்று. "வைரக்கண்ணுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். நாளைக்கு ஊருக்குத் தெரியும். அதுக்கு அடியில படுத்தப்புறம் தெரிஞ்சா எல்லாத்தையும் பிச்சு எறிவாங்க. இப்ப தெரிஞ்சா மூணோட போகும்." இப்படித்தான் சொன்னாராம். எனக்கு இது பாதிதான் காரணம் என்று தோன்றுகிறது. மீதி என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கலியபெருமாள் அந்த மூன்றையும் சுற்றி நடந்தார். வேதாக்கா கைகட்டி நின்றார். அந்த நிமிஷம் அவருக்கு ஊர் வேண்டியிருந்தது அண்ணே. பதினைந்து வருடமாக ஊர் வேண்டாம் என்று இருந்தவர். சித்தப்பா திட்டினால் பரவாயில்லை, அடித்தாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நின்றார்.

கலியபெருமாள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "மத்தத எறக்குங்க. இந்த மூணும் தெருவுக்குள்ள வரக்கூடாது." திரும்பிப் போய்விட்டார்.

மூன்றையும் மடித்துக் கயிறு போட்டு ரோட்டோரத்தில் வைத்தார்கள். மற்றவை எல்லாம் இருட்டுவதற்குள் ஏறிவிட்டன. மழையும் வந்துவிட்டது. வேதாக்கா முதலிலிருந்தே அம்மாவைக் கடைசியில் வைத்திருந்தார், மகள் கொண்டுவந்ததை மகளின் தாய் முதலில் எடுத்தாள் என்று பேச்சு வரக்கூடாது என்று. கடைசியில் அஞ்சம்மாளுக்கு இல்லை. அந்த அம்மாள் நேராக ரோட்டோரத்துக்குப் போய் வளையலைப் பிடித்து இழுத்தாராம்.

"அம்மா, வேணாம். சித்தப்பா சொல்லிருச்சு."

"நீ பாடுனதும் தப்புதான். பாடாம வெறுங்கையோட வந்திருந்தாலும் தப்புதான். அந்த மூலைய பிடி, நனையுறேன்."

சைக்கிளைப் பள்ளிக்கூடத்து அரிசி மூட்டைகள் மேல் போர்த்தினார்கள். வாத்தியார் வெளியூர்க்காரர், அவருக்குத் தீட்டு இல்லை என்று யாரோ கண்டுபிடித்தார்கள். மீசை அங்கேயே கிடந்தது. அதுதான் சாவுச்செய்தி கேட்டதும் பாடியது என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் கிட்டே போகவில்லை.

காலையில் அதைக் காணோம். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். குமரேசனும் அதைத்தான் சொல்கிறான். ராத்திரி நல்ல காற்று, கடல் அந்தப் பக்கம்தானே என்கிறான்.

வேதாக்கா காரியம் முடியும்வரை அங்கேயே இருந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவரும் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள், விரட்டவில்லை, தள்ளி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மதியழகன் பெண்டாட்டி பொற்கொடி நடுவில் கைக்குழந்தையோடு. அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வேதாக்கா வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. ஊரையே ஆடவைத்த குரல். மூடிக்கொண்டார். சித்தப்பா கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

திரும்பி வந்ததும் குழுவில் சொல்லிவிட்டார். இனிமேல் குத்துப் பாட்டு பாடுவதில்லை. திருவிழாக்காரர்கள் வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். பொன்னுக்காளையே வீட்டுக்கு வந்து, என்னம்மா, நாங்க ஏதும் தப்பா நடந்துக்கிட்டமா என்று கேட்டுவிட்டுப் போனார், பாவம். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அந்த மீசைத் தார்ப்பாய் கடலுக்குப் போனதை அவர் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டார். "பூமி வேணாம்னுருச்சு, காத்து வேணாம்னுருச்சு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். பாடாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அருள் அண்ணன் பயந்தார். நான் என் பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். இதைப் பாடுங்கள் அக்கா, இதில் யாரும் ஆட மாட்டார்கள் என்றேன். பாடினார். இப்போது நீங்கள் கேட்டது மூன்றாவது பாட்டு. மலையில் சரிவு என்றாலும், ஆற்றில் வெள்ளம் என்றாலும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். வார்த்தைக்கு மரியாதை வந்திருக்கிறது. பாடி முடித்தால் அக்கா யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார், அவ்வளவு ஒன்றிப்போய்ப் பாடுகிறார். முன்பெல்லாம் ஒரு வடை தின்று, நாலு பேரைக் கிண்டல் செய்துவிட்டுத்தான் கிளம்புவார். பக்குவம் வந்துவிட்டது.

அந்தக் காற்று விஷயம் மட்டும் எனக்குச் சரியாகவே உட்காரவில்லை. லாரித் தார்ப்பாய் அண்ணே. இரண்டு பேர் தூக்க வேண்டியது. மடித்துக் கயிறு போட்டது, மழையில் ஊறினது. இரண்டு சிறுவர்கள் ஏறி நின்றாலும் அசையாது. பக்கத்தில் கிடந்த பழைய சாக்கு அப்படியே இருந்ததாம், இதை மட்டும் காற்று தூக்கியதாம். எப்படி?

போன மாசம் திருவாரூரில் ஒரு பரீட்சை. முடித்துவிட்டுத் தாழைமேட்டுக்கு ஒரு பஸ் பிடித்தேன். கலியபெருமாள் வீட்டில் இல்லை, களத்துக்குப் போயிருந்தார். பொற்கொடி இருந்தாள். இன்னும் குடிசைதான், கீற்று போட்டிருந்தது. ஒட்டன்சத்திரம் என்றதும் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டாள். வேதாக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பாடுகிறார் என்றேன். "மீசைப் பாட்டா?" என்றாள். இல்லை, சோகப் பாட்டு என்றேன். போனில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். முதல் சரணத்தில் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். சொன்னேனே, ரொம்ப ஆழம்.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லத்தான் வேண்டும். அடுத்த பாட்டு ஒலிப்பதிவு முடியட்டும் என்று இருக்கிறேன். நடுவில் சொல்லிக் குரல் மாறிவிட்டால், எடுத்த பாதி வீணாகிவிடும். இறங்க வேண்டியவர்கள் எழுந்துவிட்டார்கள், திருச்சி வந்துவிட்டது போல. நான் சரிபார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், இதில் குமரேசன் பேச்சு எதுவும் இல்லை.

காற்று அல்ல. விடிவதற்கு முன்னால் கலியபெருமாள் வந்து எழுப்பி, அவரும் பொற்கொடியுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து, மதியழகன் குடிசை மேல் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலேதான் இப்போது கீற்று. எழுத்துப் பக்கத்தை உள்ளே வைத்துக் கட்டச் சொன்னது மாமாதான் என்றாள். நான் அண்ணாந்து பார்த்தேன். புகை படிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. உபயம்: தக்காளி மண்டி பொன்னுக்காளை. பாட்டு: மீசை.